மியூசிக் ஹால் கோமாளிகளைக் கேலிச்சித்திரமாகக் கீறுவது எப்படி

கேலிச்சித்திரம் பழக வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் நாகேஷையோ வடிவேலுவையோ கொடுப்பதில்லை. அந்த முகங்கள் எல்லோருடைய தலைக்குள்ளும் ஏற்கெனவே குடியிருக்கின்றன. பிள்ளை போட்டோவைப் பார்க்காமலே கீறத் தொடங்கிவிடும். வேறு யாரோ கீறிய படத்தின் ஞாபகம்தான் கடதாசியில் வந்து விழும். ஊர் ஆட்களைக் கீறச் சொல்வதும் சரிவராது. திருமலை, அதாவது திருகோணமலை, சின்ன இடம். யாருடைய மூக்கு, யார் கீறியது என்பதெல்லாம் பொழுதுபடுவதற்குள் தெரிந்துவிடும், மனவருத்தம்தான் மிஞ்சும்.

அதனால் நூறு வருஷத்துக்கு முந்திய இங்கிலாந்து மேடைக் கோமாளிகளைக் கொடுக்கிறேன். டான் லீனோ, ஜோர்ஜ் ரோபி, லிட்டில் டிச், ஹரி லோடர். உவர்மலையில் என் வீட்டு விறாந்தைக்கு வருகிற பிள்ளைகளில் ஒருவருக்கும் இந்தப் பெயர்கள் தெரியாது. தெரியாத முகம் என்றால் கண் வேலை செய்தே ஆகவேண்டும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. இந்த மனிதர்கள் மேடைக்கு வரும் முன்னரே தங்கள் முகத்தில் தாங்களே ஒரு கேலிச்சித்திரம் கீறிக்கொண்டவர்கள். எதைப் பெரிதாக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதை இவர்களிடம் படித்தால் பிறகு யாரையும் கீறலாம்.

அந்த முகங்கள் ஏன் அப்படி இருந்தன

இங்கிலாந்தில் ஏழாம் எட்வேர்ட் மன்னர் ஆண்டது 1901 முதல் 1910 வரை. முதலாம் உலகப்போர் தொடங்கிய 1914 வரைக்கும் சேர்த்து அதை எட்வேர்ட் காலம் என்று சொல்வார்கள். சினிமா இன்னும் பெரிதாகாத அந்த நாட்களில் சாதாரண மக்களுக்குப் பொழுதுபோக்கு மியூசிக் ஹால்தான். ஒரு இரவில் பாட்டு, ஆட்டம், வித்தை, நகைச்சுவை என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பலர் வருவார்கள். ஒருவருக்குக் கிடைப்பது கொஞ்ச நிமிடங்கள். பேர்போன கலைஞர்கள் ஒரு கொட்டகையில் முடித்த கையோடு வண்டி ஏறி அடுத்த கொட்டகைக்கு ஓடி, ஒரே இரவில் பல மேடை ஏறினார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவர்களுக்குத் தங்களை அறிமுகப்படுத்த நேரமே இல்லை. திரை விலகினதும் உச்சிக் கலரியில் மலிவு ரிக்கட்டில் இருக்கிறவருக்கும் ஆள் யாரென்று விளங்கவேண்டும். மேடை விளிம்பில் கீழே வரிசையாக விளக்குகள். மின்சாரம் வந்த பிறகும் அந்தக் கீழ்விளக்குகள் போகவில்லை. கீழிருந்து வெளிச்சம் அடித்தால் முகத்தில் இயல்பாக விழுகிற நிழல் எல்லாம் அழிந்துபோகும். புருவம் மங்கும், மூக்கு தட்டையாகும். போனதைத் திரும்பக் கொண்டுவரத்தான் மைக்குச்சி. லைக்னர் என்ற ஜெர்மன் பாட்டுக்காரர் உருவாக்கிய கொழுப்பு மைக்குச்சிகளில் 5ஆம் இலக்கத்தையும் 9ஆம் இலக்கத்தையும் கலந்து பூசுவது அந்தக் கால நடிகர்களின் வழக்கம். அதற்கு மேலே கறுப்புப் புருவம், சிவப்பு மூக்கு. நம்முடைய கூத்தில் தூரத்தில் பாயில் இருக்கிறவர்களுக்காக அரிதாரத்தைத் தடிப்பாகப் பூசுவதும் இதே தேவையினால்தான்.

இதைப் பிள்ளைகளுக்கு வாயால் சொல்லி விளங்கப்படுத்துவதைவிடக் காட்டுவது சுகம். இருட்டின பிறகு ஃபோன் டோர்ச்சை நாடிக்குக் கீழே பிடித்துக் கண்ணாடியைப் பாருங்கள். மூக்குத் துவாரத்துக்குள் வெளிச்சம், கண்ணுக்கு மேலே நிழல் மேல்நோக்கி ஓடும். அதை அப்படியே ஒரு தாளில் கீறி வையுங்கள். இந்தக் கோமாளிகளைக் கீறும்போது நிழல் எந்தப் பக்கம் போடுவது என்று சந்தேகம் வந்தால் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தால் போதும்.

சாமான்கள்

பெரிய செலவு வேண்டாம். பழகுவதற்கு ஏ4 தாள், முடிவுப் படத்துக்கு பிறிஸ்டல் போர்ட் அரைத்துண்டு. 2பி பென்சில், மென்மையான அழிறப்பர், இந்தியன் இங்க் ஒரு போத்தல், 2ஆம் 4ஆம் இலக்கத் தூரிகை, தொட்டுக் கீறும் நிப் பேனை. ட்ரேசிங் தாள் கொஞ்சம் கட்டாயம் வாங்குங்கள், அதன் வேலை பின்னால் வரும். சிவப்புக்கு ஒரு போஸ்டர் வர்ணக் குப்பி.

எங்கள் ஊர்க் காலநிலையைப் பற்றி ஒரு வார்த்தை. மார்கழி மழையில் தாள் ஈரம் குடித்துவிடும், மை கோடாக நிற்காமல் மயிர்வேர் மாதிரிப் பரவும். தாள்களைப் பொலித்தீன் பையில் கட்டி அலுமாரிக்குள் மேல்தட்டில் வைத்து, கீறுகிற அன்றைக்கு மட்டும் எடுங்கள். ஆடியில் கச்சான் என்கிற வறண்ட காற்று அடிக்கும்போது இதற்கு நேர்மாறு: நிப்பிலேயே மை காய்ந்து கட்டியாகும். பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீரும் பழைய துணியும் வைத்து அடிக்கடி துடைத்துக்கொள்ளுங்கள்.

படம் தேடுவது

என் அப்பப்பா டொக்யார்ட்டில் கிளார்க்காக இருந்தவர். 1957இல் ஆங்கிலேயக் கடற்படை திருமலையை விட்டுப் போனபோது யாரோ ஒரு துரை கொடுத்துவிட்டுப் போன பிஸ்கட் தகரத்தில் கொஞ்சம் தபாலட்டைகள் இருந்தன. கில்ட் பாவாடையும் சுருண்ட தடியுமாக ஹரி லோடர் சிரிக்கிற அட்டை ஒன்று அதற்குள். எனக்கு இந்த ஆர்வம் வந்த வழி அதுதான். உங்களுக்குத் தகரம் தேவையில்லை. அந்தக் கால அட்டைகளும் சிகரெட் பெட்டிக்குள் வந்த சின்னப் படங்களும் இணையத்தில் ஏராளம்.

எட்வேர்ட் கால அட்டையா, அதற்கு முந்தியதா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். பிரித்தானியத் தபால் திணைக்களம் 1902இல்தான் அட்டையின் பின்பக்கத்தைக் கோடு போட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் விலாசம், மறுபாதியில் கடிதம் எழுத விட்டது. அதற்கு முன் கடிதத்தைப் படம் இருக்கிற பக்கத்தில்தான் நெருக்கி எழுதவேண்டும். பின்பக்கம் நடுக்கோடு இருந்தால் 1902க்குப் பிந்தியது.

ஒரு ஆளுக்கு ஒரு படம் போதாது. குறைந்தது இரண்டு வகை வேண்டும்: மேடை வேஷத்தில் ஒன்று, வீட்டு உடுப்பில் சாதாரணமாக ஒன்று. இரண்டையும் பக்கத்துப் பக்கம் வையுங்கள். கொப்பியில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் 'பிறப்பில் வந்தது' என்றும் வலப்பக்கம் 'போட்டுக்கொண்டது' என்றும் எழுதுங்கள். இனி ஒவ்வொன்றாக நிரப்புங்கள். தாடை எந்தப் பக்கம்? புருவம்? தொப்பி? நடை? வலப்பக்கத்தில் இருப்பதை நீங்கள் எவ்வளவு தூரமும் இழுக்கலாம், ஏனென்றால் அந்தத் திசையில் முதல் அடி வைத்தது அவரேதான். இடப்பக்கத்தில் இருப்பதை உள்ளபடி கீறுங்கள். நான் கற்பிக்கிற முறை முழுவதும் இந்த ஒரு கோட்டின் மேல்தான் நிற்கிறது.

ஜோர்ஜ் ரோபி: புருவத்தில் தொடங்குங்கள்

முதல் பாடத்துக்கு ரோபியை விட்டால் ஆள் இல்லை. 1869இல் பிறந்தவர், 1954இல் மறைந்தவர், அந்தக் கடைசி வருஷத்தில்தான் சேர் பட்டம் கிடைத்தது. 'சிரிப்பின் பிரதம மந்திரி' என்று விளம்பரத்தில் போடுவார்கள். வீட்டுப் படத்தில் பார்த்தால் களையான, கொஞ்சம் கனமான முகம். மேடைப் படத்தில் இரண்டு அரைவட்டக் கறுப்புப் புருவம், சிவந்த மூக்கு, கழுத்துப்பட்டை இல்லாத நீண்ட கறுப்புக் கோட், தலைக்குக் காணாத சின்ன உருண்டைத் தொப்பி, கையில் பிரம்பு. பாதிரியார் ஒருவர் வறுமைப்பட்டுப் போனால் எப்படி இருப்பாரோ அந்தத் தோற்றம்.

என்னிடம் படிக்கிற ஒரு சின்னவள் போட்டோவைப் பார்த்ததும் கேட்டாள்: "மிஸ், இவருக்கு உண்மையிலேயே புருவம் இவ்வளவு தடிப்பா?"

"இல்லை மகள், அது பூசினது. மற்றப் படத்தைப் பார்."

பார்த்துவிட்டு வலப்பக்கத்தில் எழுதிக்கொண்டாள். பாடத்தில் பாதி அங்கேயே முடிந்துவிட்டது.

இப்போது கீறுவோம். தாளை நெடுக்காக வையுங்கள். முட்டை வடிவத்தில் தலையைப் போட்டு, நடுக்கோடு பிரித்து, கண்ணுக்கு இடம் வைத்து என்று பள்ளிக்கூடத்தில் பழகிய ஒழுங்கு இங்கே வேண்டாம். பென்சிலால் முதலில் புருவம் இரண்டும். அடியில் தட்டையாகத் தொடங்கி, மேலே நன்றாக வளைந்து, வெளிப்பக்கம் இறங்கி முடிகிற இரண்டு வளைவு. அவற்றுக்கும் கண்ணுக்கும் இடையில் வெறும் தாளை விடுங்கள். ரோபியின் முழு நடிப்பும் அந்த வெறும் இடத்தில் இருக்கிறது. அவருடைய பாணி என்னவென்றால், இரண்டர்த்தப் பேச்சு ஒன்றைச் சொல்வார், சபை சிரிக்கும், உடனே இவர் கண்டிப்பான வாத்தியார் மாதிரி நிமிர்ந்து, நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள், நான் என்ன கெட்டது சொன்னேன் என்று கோபிப்பார். சபை இன்னும் சிரிக்கும். அந்தக் கோபத்தில் புருவம் மேலே ஏறும், கண் வட்டமாகும், வாய் இறுகும். ஆகவே இடைவெளியைக் கூட்டுங்கள். ஒரு கண் அகலம் விட்டுப் பாருங்கள், பிறகு ஒன்றரைக் கண். எந்த அளவில் முகம் முகமாக இல்லாமல் போகிறது என்று கண்டுபிடித்து அதற்கு ஒரு படி முன்னே நில்லுங்கள்.

கண்ணுக்கு இரண்டு வட்டம், கருமணி மேல் இமையில் தொடாமல் நடுவில். மூக்குக்கு அடி வளைவு மட்டும், பக்கக் கோடு வேண்டாம். வாய் சின்னது, ஓரங்கள் கீழே. தொப்பியைத் தலையின் அகலத்தில் பாதிக்கு மேல் போகவிடாதீர்கள், கொஞ்சம் பின்னே சரித்து வையுங்கள். இவ்வளவும் ஆனபிறகுதான் முகத்தின் வெளிக்கோடு. அதையும் தாடைப் பக்கம் மட்டும் கீறினால் போதும், கன்னத்தைப் பார்ப்பவர் கண்ணே முடித்துக்கொள்ளும்.

உடம்பு ஒரே கறுப்பு. கழுத்திலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை ஒரு தூண், நடுவில் மிக லேசான வளைவு, அவர் பின்னுக்குச் சாய்ந்து நிமிர்கிறார் அல்லவா. ஃபோனில் செய்கிற கேலிப்படங்களில் பெரிய தலைக்குக் கீழே பொம்மை உடம்பு ஒட்டியிருக்கும். ரோபிக்கு அப்படிச் செய்தால் கோட் செத்துப்போகும், கோட் செத்தால் ஆள் இல்லை. தலை ஒரு பங்கு என்றால் உடம்பு நான்கு பங்காவது இருக்கட்டும். 4ஆம் இலக்கத் தூரிகையில் நிறைய மை எடுத்துக் கோட்டை நிரப்புங்கள், பொத்தானுக்கு இரண்டு வெள்ளைப் புள்ளி விட்டு. புருவத்தையும் அதே தூரிகையில், ஒரே இழுப்பில். நிப்பால் மயிர் மயிராகப் புருவம் கீறாதீர்கள். அது பூசின புருவம், மயிர் அல்ல. மை காய்ந்த பிறகு மூக்கில் ஒரு பொட்டுச் சிவப்பு. படம் முழுவதிலும் நிறம் அந்த ஒரு இடத்தில் மட்டும்.

டான் லீனோ

லீனோவிடம் அந்தத் தடித்த மை உதவாது. 1860இல் பிறந்த இவர் மரச்செருப்பு நடனத்தில் உலகச் சம்பியனாக இருந்து நகைச்சுவைக்கு வந்தவர். 1901இல் மன்னரின் முன் நடித்தார், அதன் பிறகு 'அரசரின் விகடகவி' என்று அழைத்தார்கள். கடை வரவேற்பாளர், லண்டன் கோபுரத்தின் காவல்காரன், வம்பு பேசுகிற மனைவி என்று ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு ஆளாக மாறுவார். 1902இல் ட்ருரி லேன் கொட்டகையில் மதர் கூஸ் என்ற கிழவி வேஷம் கட்டினார். 1904இல், 43 வயதில், மனநலம் கெட்டு, உடல் நலிந்து இறந்துபோனார்.

கொப்பியின் இரண்டு பக்கத்தையும் நிரப்பிப் பாருங்கள், இவருக்கு இடப்பக்கம் நிறையும், வலப்பக்கம் தொப்பியும் உடுப்பும் தவிரக் காலியாக இருக்கும். சிறிய உடம்பு, ஒடுங்கிய முகம், வளைந்த புருவம், பெரிய கண், நீண்டு அகன்ற வாய். எல்லாம் பிறப்பில் வந்தவை. அப்படியானால் எதை இழுப்பது? அவர் போட்டுக்கொண்டது அவசரம். ஏதோ பெரிய சங்கதி ஒன்றை உங்களிடம் மட்டும் சொல்லவேண்டும் என்று துடிக்கிற பக்கத்து வீட்டுக்காரரின் அவசரம். அவர் குரல் 1901 முதல் 1903 வரை இசைத்தட்டில் பதிவானது, இணையத்தில் கேட்கலாம். ஆங்கிலம் முழுக்க விளங்காவிட்டாலும் பரவாயில்லை, அந்த வேகத்தைக் கேளுங்கள், அப்புறம் கீறுங்கள்.

ஆகவே லீனோவுக்கு முகத்தில் அல்ல, உடம்பில் தொடங்குங்கள். குதிக்காலிலிருந்து உச்சந்தலை வரை ஒரே வளைவு, முன்னுக்குச் சாய்ந்து. முழங்கை இரண்டும் உடம்பை விட்டு வெளியே. கழுத்து முன்னே நீள்கிறது, தலை நம்மை நோக்கி. கண்களைக் கீறும்போது பெரிதாக்கவேண்டாம். கருமணிகளை நம் மேல் நேராக வையுங்கள், போதும். நிப் பேனையின் மெல்லிய கோடு, அங்கங்கே விட்டுவிட்டு. இவருடைய முகத்தில் இருக்கிற சோகத்தைக் கடைசி நாட்களின் கதை தெரிந்துகொண்டு கூட்டிக் கீறுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. மேடையில் நின்றபோது அவர் சிரிக்கவைக்க நின்றவர். அந்த மனிதரைத்தான் கீறவேண்டும்.

இந்த உடல்வளைவு பிடிபட வெளியே போய்ப் பழகுவது நல்லது. பின்னேரம் டச் பே கடற்கரையில் இருந்து, நடக்கிறவர்கள், கடலை விற்கிறவர், பந்துக்கு ஓடுகிற பெடியன்கள் என்று ஆளுக்கு அரை நிமிடம், ஒரே கோட்டில் முதுகை மட்டும் கீறுங்கள். முகம் வேண்டாம். யாருடைய முகமும் இல்லாததால் யாரும் கோபிக்கப்போவதில்லை.

லிட்டில் டிச்: கணக்குப் பார்த்துக் கீறுவது

ஹரி ரெல்ஃப் என்பது சொந்தப் பெயர். 1867இல் கென்ட் மாவட்டத்தில் பிறந்தவர், 1928இல் மறைந்தார். உயரம் 4 அடி 6 அங்குலம், அதாவது 54 அங்குலம். 28 அங்குல நீளச் சப்பாத்து மாட்டிக்கொண்டு ஆடிய ஆட்டம்தான் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. 1900இல் பாரிஸில் எடுத்த சினிமாத் துண்டு ஒன்று இருக்கிறது, கட்டாயம் தேடிப் பாருங்கள். சப்பாத்தைத் தரையில் ஊன்றியபடி உடம்பை முன்னே சரிக்கிறார், நாம் விழுந்துவிடுவோம் என்கிற கோணத்தையும் தாண்டி. பிறகு சப்பாத்தின் நுனிகளில் எழுந்து நிற்கிறார், பொய்க்காலில் நிற்பதுபோல.

இங்கேதான் கொப்பியில் போட்ட அந்தக் கோட்டின் அருமை தெரியும். குள்ள உடம்பு இடப்பக்கம். கையில் விரல்கள் அதிகமாக இருந்ததும் இடப்பக்கம். அதைப் பற்றி அவருக்கு வாழ்நாள் முழுவதும் கூச்சம் இருந்தது. இரண்டையும் பெரிதாக்கிக் கீறுவது பிறப்பைக் கேலி செய்வது, அவர் செய்த கலையை அல்ல. வலப்பக்கம் இருப்பது சப்பாத்து. அதையும் பெரிதாக்கத் தேவையே இல்லை! 54க்கு 28 என்றால் உயரத்தில் பாதிக்கு மேல். உங்கள் படத்தில் ஆள் 18 சென்ரிமீற்றர் என்றால் சப்பாத்து 9 சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் கூட. அளவுகோல் வைத்து அப்படியே கீறுங்கள். உள்ளதை உள்ளபடி கீறியே பார்ப்பவரைச் சிரிக்கவைக்கிற படம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

பெரிதாக்கவேண்டியது சாய்வை. தரைக்கோடு ஒன்று போட்டு, சப்பாத்தை அதன்மேல் படுக்கவைத்து, குதியிலிருந்து தலைக்கு ஒரு சரிவுக்கோடு இழுங்கள். தலை சப்பாத்து நுனிக்கு நேர் மேலே வருகிறதா? இன்னும் கொஞ்சம் முன்னே தள்ளுங்கள். உடம்பின் பாரத்தை இப்படிச் சரித்து நிறுத்துவது எப்படி என்று பார்க்கவேண்டுமானால் திருக்கடலூரில் கரைவலை இழுக்கிறபோது போய் நில்லுங்கள். அவர்கள் சரிவது பின்னுக்கு, ஆனால் குதிக்கும் தோளுக்கும் இடையில் கோடு வளையாமல் விறைப்பாக நிற்பது ஒன்றுதான். அந்த விறைப்பு இல்லாவிட்டால் டிச் விழுகிற ஆளாகத்தான் தெரிவார், ஆடுகிற ஆளாக அல்ல.

மற்றவர்கள்

ஹரி லோடருக்குச் சுருண்ட தடியில் தொடங்குங்கள். தடி போகிற போக்கிலேயே வாயின் சிரிப்பையும் வளையுங்கள். ஹரி டேட்டுக்கு ஒட்டுமீசை. அது அவர் பேச்சுக்கேற்ப ஆடும், ஆகவே ஒரு பக்கம் ஏறியும் மறுபக்கம் இறங்கியும் வையுங்கள். வில்கி பார்ட் என்பவர் நெற்றியை உச்சிவரை உயர்த்தி, புருவத்துக்கு மேல் இரண்டு கறுப்புப் பொட்டு வைத்துக்கொண்டவர். அந்த நெற்றிக்குத் தாளில் பாதியைக் கொடுங்கள்.

பெண்களில் வெஸ்டா டில்லியை நான் பெரிய பிள்ளைகளுக்குத்தான் கொடுப்பது. ஆண் வேஷம் கட்டிப் பாடியவர். அவர் போட்ட சூட்டின் வெட்டைப் பார்த்து லண்டன் இளைஞர்கள் உடுத்தினார்கள். இவரிடம் மிகை என்பதே கிடையாது. தோள் மடிப்பு, காற்சட்டையின் நேர்க்கோடு, கையுறை பிடித்த விரல்கள் எல்லாம் ஒரு ஆணைவிடக் கச்சிதம். அந்தக் கச்சிதத்தைத்தான் இழுக்கவேண்டும், அளவுகோல் பிடித்தமாதிரி நேர்க்கோடுகளில். நெல்லி வொலஸ் இதற்கு எதிர்: தன் பல்லையும் கோலத்தையும் தானே சிரிப்புக்கு வைத்தவர், தொப்பியில் நட்டுக்கொண்ட ஒற்றை இறகோடு. இறகில் விளையாடுங்கள், பல்லை உள்ளபடி விடுங்கள்.

தேடும்போது முகத்தில் கரி பூசிக் கறுப்பின மக்களைப்போல வேஷம் போட்ட கலைஞர்களின் படங்களும் நிறைய வரும். யூஜின் ஸ்ட்ராட்டன் அப்படிப் பேர்போனவர். அந்தக் காலத்தில் அது இருந்தது என்பதைப் பிள்ளைகளுக்கு மறைக்காமல் சொல்லுவேன், ஒரு மக்கள் கூட்டத்தின் தோலையே வேஷமாக்கியது தவறு என்றும் சொல்லுவேன். அந்த வேஷத்தை என் வகுப்பில் கீறுவதில்லை.

கோட்டைக் குறைப்பது

பென்சில் படம் முடிந்த பிறகு வருகிற வேலை இது, பலர் விட்டுவிடுகிற வேலையும் இதுதான். ஃபில் மே என்று ஒரு ஓவியர், 1864இல் பிறந்து 1903இல் இறந்தவர், சிட்னியில் பத்திரிகைக்குக் கீறிவிட்டு லண்டன் திரும்பிப் பேர் எடுத்தவர். அவர் படங்களைப் பார்த்தால் அவசரத்தில் நாலு கோடு இழுத்ததுபோல இருக்கும். உண்மையில் முதலில் முழு விபரத்தோடு ஒரு படம் கீறுவார், பிறகு தேவையில்லாத கோடு ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வருவார். மிஞ்சுவதைத்தான் அச்சுக்குக் கொடுப்பார்.

ட்ரேசிங் தாள் இதற்குத்தான். பென்சில் படத்தின் மேல் வைத்து, இது இல்லாவிட்டாலும் ஆளைத் தெரியும் என்று தோன்றுகிற கோடுகளை விட்டு மற்றதை மட்டும் கீறுங்கள். அதன் மேல் இன்னொரு தாள், இன்னும் குறையுங்கள். சட்டை மடிப்பு போகும், காது போகும், விரல் நகம் போகும். ஒரு கட்டத்தில் ஒரு கோட்டை எடுத்ததும் ஆள் காணாமல் போய்விடுவார். அந்தக் கோட்டைத் திரும்ப வையுங்கள். அதுதான் மைக்குத் தயாரான படம். ரோபிக்குப் புருவம், தொப்பி, கோட் என்று வந்து நிற்கும். லீனோவுக்கு முதுகின் வளைவும் கண்ணும். சவாரித்தம்பர் என்ற கேலிச்சித்திரப் பாத்திரத்தைக் கீறிய எங்கள் ஓவியர் சுந்தரின் கோடுகளை இந்தக் கண்ணோடு மறுபடி பாருங்கள், அவரும் எவ்வளவு குறைத்திருக்கிறார் என்று தெரியும்.

ஃபில் மே ஒரு வழி என்றால், 1887இல் பிறந்த பேட்மன் என்ற ஓவியர் இன்னொரு வழி. மேடைக் கலைஞர்களைப் பத்திரிகைக்காகக் கீறியவர். அவர் படத்தில் உணர்ச்சி முகத்தோடு நிற்காது. ஆள் போட்டிருக்கிற கோட்டின் வாலும் தொப்பியும் சப்பாத்தும் சேர்ந்து துள்ளும். இரண்டையும் ஒரே ஆளில் செய்து பாருங்கள். ஒரு ரோபியை அசையாத தூணாக, இன்னொரு ரோபியைக் கோபத்தில் தரையை விட்டு எழும்புகிறவராக. எது உங்கள் கைக்கு வருகிறது என்று அப்போது தெரியும்.

சோதனையும் முடிப்பும்

ஒப்புமை வந்ததா என்று உங்கள் கண்ணை நம்பாதீர்கள், அது பார்த்துப் பார்த்துப் பழகிப்போயிருக்கும். ஐந்து கோமாளிகளின் சாதாரண போட்டோக்களை மேசையில் பரப்பி, உங்கள் படத்தைப் பக்கத்தில் வைத்து, இவர்களை முன்பின் அறியாத யாரையாவது கூப்பிட்டு எது இவர் என்று கேளுங்கள். வீட்டு உடுப்புப் படங்களாக இருக்கவேண்டும். வேஷப் படம் வைத்தால் தொப்பியைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். யோசிக்காமல் கை வைத்தால் சரி. இரண்டு பேருக்கு நடுவில் கை தடுமாறினால், இடப்பக்கப் பட்டியலில் ஏதோ ஒன்றை விட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். பெரும்பாலும் அது தாடையின் வடிவம் அல்லது கண்ணுக்கும் மூக்குக்கும் உள்ள தூரம். போட்டோவைத் தலைகீழாக வைத்து அந்தத் தூரங்களைத் திரும்ப அளந்து பாருங்கள்.

மை போட்டதும் உடனே அழிறப்பர் பிடிக்கவேண்டாம். மழைக்காலத்தில் ஒரு இரவு முழுக்க விடுங்கள், கச்சான் காலத்தில் ஒரு மணித்தியாலம் போதும். பென்சில் கோடுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அழியுங்கள், தாள் கசங்காது. கீழே கலைஞரின் பெயரையும் பிறந்த இறந்த ஆண்டுகளையும் எழுதி, உங்கள் பெயரையும் நீங்கள் கீறிய ஆண்டையும் பக்கத்தில் போடுங்கள். இணையத்தில் ஏற்றினால் யாரும் அதை அந்தக் காலத்துப் படம் என்று எடுத்துப் போடக்கூடாது அல்லவா. ஃபோனில் படம் எடுக்காமல் கொம்யூனிகேஷன் கடையில் 300 டிபிஐயில் ஸ்கான் பண்ணுங்கள். கறுப்பு வெள்ளையில் அல்ல, கலரில் பண்ணச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ரோபியின் மூக்குச் சிவப்புப் போய்விடும்.